எல்லையோரக் கங்காணி

பல தரப்பு ஆட்களை ஒரே இடத்தில் வைத்து வேலை வாங்குவதில் நான் கெட்டிக்காரன் என்று வேலை பார்த்த இடத்தில் ஒரு பெயர் இருந்தது. பெயர் பொய்யில்லை. மலையாளியிடம் மலையாளியாக, விளவங்கோட்டுக்காரரிடம் விளவங்கோட்டுக்காரனாக, முர்ஷிதாபாத்திலிருந்து வந்த பையன்களிடம் உடைந்த இந்தியில் பெரியண்ணன் மாதிரிப் பேச எனக்கு வரும். யார் எதற்குக் கோபப்படுவார், யார் எதை வாய் திறந்து கேட்கமாட்டார், யாரை எந்தச் சொல்லால் குளிர வைக்கலாம் எல்லாம் அத்துப்படி. 2022இல் பாறசாலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டும் வேலைக்குப் பொறுப்பாக இருந்தபோது இந்தத் திறமை முழுவதையும் ஒரே காரியத்தில் செலவழித்தேன். ஒரே வேலை செய்த மூன்று தரப்புக்கு மூன்று கூலி கொடுத்தேன். ஒருவர் வாங்குவது இன்னொருவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

திருந்தியவன் எழுதுகிற கடிதம் என்று இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு ஊர் மார்த்தாண்டத்துக்கு மேற்கே. களியக்காவிளையில் இறங்கிக் கேரள பஸ் பிடித்தால் இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, அப்புறம் நெய்யாற்றின்கரை. எல்லை எங்கே இருக்கிறது என்று கடைப் பலகைகளின் எழுத்தையும் பெட்ரோல் விலையையும் பார்த்துத்தான் வெளியூர்க்காரர் கண்டுபிடிக்க வேண்டும். பனச்சமூட்டில் அதுவும் முடியாது, சந்தையே எல்லையில் உட்கார்ந்திருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை எல்லாம் ஒரே ஆட்சியின் கீழ். நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்ப் பகுதிகளைப் பிரித்துக் கேட்டபோது அந்தப் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். கடைசியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றது. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டு அங்கே. சென்னையில் என்னை மலையாளி என்பார்கள், நெய்யாற்றின்கரையில் பாண்டி என்பார்கள். இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டப் பழகியிருந்தேன்.

இந்த வட்டாரத்தில் இரண்டு மொழி பேசுவது ஒரு சாதனையே கிடையாது. பாலராமபுரத்து நெசவாளர் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திவான் உம்மிணித் தம்பி தெற்கிலிருந்து கூட்டிவந்து குடியேற்றிய சாலியர்கள் அவர்கள். இருநூறு வருடம் கழித்தும் வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். டீக்கடைக்காரர், கண்டக்டர், மீன்காரி, எல்லோரும் அப்படித்தான். அதைப் பெரிய விஷயமாக நினைத்தது சென்னையிலிருந்த எங்கள் தலைமை அலுவலகம் மட்டும். கேரளம் என்றாலே அவர்களுக்குப் பயம். 'நீங்க லோக்கல், உங்களுக்கு ஹேண்டில் பண்ணத் தெரியும்' என்று என்னை அனுப்பினார்கள். நானும் போவதற்கு முன்னாலேயே ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்: கேரளத்துக் கூலி கொடுக்காமலேயே கேரளத்தில் வேலையை முடித்துக் காட்டுகிறேன்.

அந்த வாக்கின் மதிப்பு தெரிய ஒரு கணக்குப் போதும். ரிசர்வ் வங்கியின் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டில் 2021-22ஆம் ஆண்டுக்குக் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் 837 ரூபாய், தமிழ்நாட்டில் 478. இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே நடந்தே கடக்கிற தூரம். அந்தத் தூரத்தில் ஒரு மனிதனின் ஒரு நாள் உழைப்பு முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் ஏறி இறங்குகிறது. காய்கறி லாரியும் எம்-சாண்ட் லாரியும் இந்த மாதிரி வித்தியாசத்தை வைத்துத்தான் எல்லையைத் தாண்டுகின்றன. நான் ஆட்களைத் தாண்ட வைத்தேன்.

மண்டபம் உதியன்குளங்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகிற ரோட்டில். கொத்து வேலையும் கான்கிரீட்டும் உள்ளூர் மேஸ்திரி ஒருவரிடம். அவரும் அவருடைய ஆட்களும் மலையாளிகள், யூனியன் அட்டை உள்ளவர்கள். சென்ட்ரிங்கும் கம்பி கட்டுவதும் விளவங்கோட்டிலிருந்து காலையில் பைக்கில் வருகிறவர்கள். அவர்களுக்குத் தலைவர் அறுபதை நெருங்கிய ஓர் அண்ணன். மண் வெட்ட, கல் சுமக்க, முட்டு நிறுத்த, கலவை ஏற்ற முர்ஷிதாபாத் பையன்கள்; அவர்களுக்கு ஒரு சர்தார். கேரள அரசு இவர்களை அதிதி தொழிலாளி என்கிறது, ஊர் பாய் என்கிறது. குலாத்தி நிதி, வரிவிதிப்பு ஆய்வு நிறுவனம் 2013இல் எடுத்த கணக்கில் கேரளத்தில் இப்படி வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் சுமார் 25 லட்சம். அவர்கள் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் மண் சுமந்தது நம்ம ஆட்கள்.

மூன்று தரப்பிலும் கையாட்கள் உண்டு. மேஸ்திரியின் கையாளுக்கு 900. விளவங்கோட்டுக் கையாளுக்கு 750. பாய்க்கு 600, அதிலும் சர்தாரின் பங்கு போக மீதி. சிமென்ட் மூட்டை எல்லோருக்கும் 50 கிலோதான்.

இதை மறைக்க நான் செய்த ஏற்பாடுகளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிர்வாகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். மலையாளிகளுக்குச் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம் சைட்டிலேயே, கையெழுத்து வாங்கிக்கொண்டு. விளவங்கோட்டு ஆட்களுக்கு அதே சனிக்கிழமை, ஆனால் களியக்காவிளையில், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில். வீட்டுக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்ளட்டும் என்று அக்கறையாகச் சொல்லியிருந்தேன். பாய்மாருக்கு வாரம் ஒரு கர்ச்சி (கைச்செலவுக்கு முன்பணம்), மாதக் கடைசியில் கணக்கு, எல்லாம் சர்தார் கையில். டீ நேரத்தையும் பிரித்து வைத்தேன். பத்து மணி டீ மேஸ்திரி ஆட்களுக்கு. அது அவர்கள் உரிமை, தள்ளிப்போட முடியாது. அண்ணன் ஆட்களுக்குப் பத்தரை. பாய்மார் ஷெட்டில் தாங்களே போட்டுக்கொள்வார்கள். ஒரு தரப்பு இன்னொரு தரப்புக்கு எதையாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்ல வேண்டும். 'மொழிப் பிரச்சினை வரும், எல்லாம் என் வழியா வரட்டு' என்பது சைட்டில் நான் போட்ட முதல் சட்டம்.

ஆள் பார்த்துப் பேசுவேன். மேஸ்திரியிடம் விதிமுறையாகப் பேச வேண்டும். கணக்கைக் காட்ட வேண்டும். அவர் எதிர்க்கேள்வி கேட்பார், கேட்க விட வேண்டும். அண்ணனிடம் பணப் பேச்சே எடுக்கக்கூடாது. வீட்டு விசேஷம், சர்ச்சுத் திருவிழா, மகளின் நர்சிங் படிப்பு என்று விசாரித்துவிட்டு 'நம்ம ஊர் ஆளு, உங்களுக்கு நான் செய்யாமலா' என்றால் போதும். கூலி உயர்வைக் கேட்க வந்தவர் கேட்காமலே திரும்பிவிடுவார். பாய்மாருக்கு இரவில் லைன் வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். சாப் வந்தார் என்று ஒரு வாரம் பேசுவார்கள்.

இதற்கெல்லாம் என்னிடம் சான்றிதழ் வேறு இருந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் வளைகுடாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். டச்சுக்காரர் ஹோஃப்ஸ்டெட் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் வாங்கிய லட்சத்துக்கு மேற்பட்ட வினாத்தாள்களை வைத்து நாடுகளுக்குப் போட்ட மதிப்பெண்களைச் சுவரில் காட்டினார்கள். மேலதிகாரிக்கும் கீழுள்ளவனுக்கும் நடுவேயான தூரத்தில் இந்தியாவுக்கு 77. மொத்த இந்தியாவுக்கும் அந்த ஒரே எண். என் சைட்டில் முகத்துக்கு நேரே 'அது நடக்காது சாரே' என்கிற மேஸ்திரிக்கும் 77, தரையைப் பார்த்தபடி பேசுகிற அண்ணனுக்கும் 77. பிறகு மில்டன் பென்னட் என்ற அமெரிக்கர் 1986இல் சொன்ன ஆறு படிகள். பிறர் வேறுபட்டவர் என்பதையே மறுப்பது முதல் படி. அவர்கள் கண்ணால் பார்த்து அவர்கள் வழக்கப்படி நடந்துகொள்வது மேல்படி. நான் மேல்படிக்காரன் என்று அன்றைக்கே எனக்கு மதிப்பெண் கிடைத்தது. இன்று யோசித்தால் அந்த மதிப்பெண்ணில் தப்பில்லை. பிறர் கண்ணால் பார்க்க எனக்குத் தெரியும். எதற்காகப் பார்க்கிறாய் என்று அந்த ஏணி கேட்பதில்லை. சீட்டு விளையாட்டில் எதிராளியின் கையைப் பார்க்கத் தெரிந்தவனுக்கும் இந்த வகுப்பில் நல்ல மதிப்பெண்தான் வரும்.

தமிழனுக்கு இந்த வேலை புதிதும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர் தோட்டத்திலும் துரைக்கும் கூலிக்கும் நடுவே நின்ற கங்காணி யார்? ஊரில் ஆள் பிடித்தவர், கூலியின் கடனைக் கையில் வைத்திருந்தவர், வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் காசு வாங்கியவர். துரைக்கு அவரில்லாமல் தோட்டம் ஓடாது, கூலிக்கு அவரில்லாமல் துரையிடம் வாய் கிடையாது. இலங்கையில் கூலியின் கடனைச் சீட்டில் எழுதி இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றும் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழிக்க 1921 ஆயிற்று. பள்ளியில் இதைப் படித்தபோது கங்காணி என்றால் பெரிய மீசையும் பிரம்புமாகத்தான் எனக்குத் தோன்றியது. சட்டைப்பையில் பேனாவும் இடுப்பில் அளவு டேப்பும் வைத்துக்கொண்டு மகளின் படிப்பை விசாரிக்கிற ஆளாக இருப்பான் என்று தோன்றவில்லை.

இனி, இதெல்லாம் உடைந்த கான்கிரீட் வார்ப்பு நாள்.

2022 ஜூன். இடவப்பாதி மழை. முகப்பில் வண்டிகள் வந்து நிற்கிற போர்ட்டிகோவுக்கு மேல்தளம் போட வேண்டும். சிங்க (ஆவணி) மாதத்துக் கல்யாணங்களுக்கென்று உரிமையாளர் மண்டபத்துக்கு முன்பதிவே எடுத்துவிட்டார். என்னுடைய இன்சென்டிவும் அந்தத் தேதியோடு கட்டப்பட்டிருந்தது. போர்ட்டிகோவின் கிழக்கு மூலை பள்ளம் தூர்த்த இடம். செம்மண் கொட்டி மேலோட்டமாக இறுக்கியிருந்தோம். அதன்மேல்தான் தளத்தைத் தாங்குகிற முட்டுகள். வெறும் மண்ணில் முட்டு நிறுத்தினால் பாரம் ஏற ஏற அது இறங்கும். அடியில் பலகை கொடுத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். 15 சென்டிமீட்டர் கனத்துத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 375 கிலோ. ஆட்களும் வண்டியும் வைப்ரேட்டரும் அதற்கு மேல். இதெல்லாம் முதல் வருடம் படிக்கிற பையனுக்குத் தெரியும்.

வார்ப்புக்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணன் என்னிடம் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூலையைப் பார்த்தார்.

"சார், அந்த மூலையில மண்ணு புதுசு. ராத்திரி மழையும் உண்டுண்ணு சொல்லுதாவ. கொஞ்சம் பாத்துக்கிடலாம்."

மேலாண்மைப் புத்தகங்களில் இந்த இடத்தில் ஒரு தவறான புரிதல் வரும். கீழே உள்ளவர் சுற்றி வளைத்துச் சொல்வார், மேலே உள்ளவர் நேர்ப்பேச்சுக்குப் பழகியவர், எச்சரிக்கை காதில் விழாது. எனக்கு அந்தச் சாக்கு கிடையாது. அண்ணன் ஊரில் 'கொஞ்சம் பாத்துக்கிடலாம்' என்றால் 'இது விழும்' என்று அர்த்தம். அதைவிடக் கடுமையாக அவர் ஒரு சாருக்கு முன்னால் பேசமாட்டார். அட்சரம் பிசகாமல் எனக்குப் புரிந்தது. "பாத்துக்கிடலாம் அண்ணா" என்று அதே சொல்லைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். பலகை எடுக்க வேண்டுமென்றால் காலையில் ஆள் போய் வர வேண்டும், அரை நாள் போகும்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. சர்தார் ஓடிவந்தார். முட்டுகளின் காலடியில் தண்ணீர் தேங்கி மண் குழைந்திருக்கிறது, இரண்டு முட்டு கையால் தொட்டால் ஆடுகிறது, இன்றைக்கு வேண்டாம் என்றார். நான் மாலிக்கின் உத்தரவு என்று சொன்னேன். அவர் குரலை உயர்த்தினார். மேலே கலவைக்குத் தயாராக நின்ற மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார்.

"சாரே, பாய் எந்தா பறயுன்னெ?"

"பெருநாளுக்கு லீவு வேணமெந்நு" என்றேன்.

பக்ரீத் ஜூலை 10ஆம் தேதி. லீவு விஷயம் அவர்கள் ஒரு வாரம் முன்னால் கேட்டது. உரிமையாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றவன், கேட்காமலேயே அவர் தரமாட்டேன் என்றதாகச் சொல்லியிருந்தேன். கையிலிருந்த ஒரு பழைய பொய்யை எடுத்துப் புதிய இடத்தில் சொருகினேன். மேஸ்திரி தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். கீழே இறங்கி ஒரு தடவை பார்த்திருந்தால் அவர் வார்த்திருக்கமாட்டார். பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டேன்.

பதினொரு மணிக்குக் கிழக்கு மூலை இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. மரம் முனகுகிற மாதிரி ஒன்று, அவ்வளவுதான். வைப்ரேட்டர் பிடித்திருந்த பையன் அதை விட்டுவிட்டுப் பின்னால் தாவினான். கீழே நின்ற பாய்மார் அந்த இடத்தை நம்பாமல் முன்பே விலகி நின்றிருந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் செய்த எதனாலும் வந்த அதிர்ஷ்டமில்லை அது. தளம் நாலு விரற்கடை தொய்ந்து அப்படியே இறுகியது. உடைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

அன்று மத்தியானம் நான் செய்ததைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, பாய்மார் முட்டுகளைச் சரியாக முறுக்கவில்லை என்று மலையாளத்தில் சொன்னேன். சர்தாரிடம் போய், மேஸ்திரி ஆட்கள் கலவையை ஒரே இடத்தில் குவித்துவிட்டார்கள் என்று இந்தியில் சொன்னேன். அண்ணனிடம், இரண்டு பேரும் சேர்ந்து சென்ட்ரிங் மேல் பழியைப் போடப் பார்த்தார்கள், நம்ம ஆட்கள் மேல் வராமல் நான் தடுத்துவிட்டேன் என்று நம்ம ஊர்த் தமிழில் சொன்னேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தொழில் உண்மை இருந்தது. கலவையைக் குவித்தாலும் தளம் இறங்கும், முட்டு முறுகாவிட்டாலும் இறங்கும். ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றி நம்பத் தயாராக இருந்ததையே எடுத்துக் கொடுத்தேன். மூவரிடமும் கடைசியில் ஒரே வேண்டுகோள்: உடைக்கிற வேலைக்கு அரை நாள் கூலி விட்டுக்கொடுங்கள், மேலிடத்தில் நான் சமாளிக்கிறேன்.

கணக்கில் நான் விட்டது ஒன்றே. பாய்களில் ஒரு பையனுக்கு மலையாளம் தெரியும். முன்பு பெரும்பாவூரில் இருந்திருக்கிறான். கேரள எழுத்தறிவு இயக்கம் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 2017இல் தொடங்கிய சங்ஙாதி வகுப்புக்குப் போய் எழுதவும் படிக்கவும் கற்றிருக்கிறான். நான் எப்போதும் இந்தியில் பேசியதால் அவனும் இந்தியில் பதில் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். நான் அவனிடம் எதுவும் கேட்டதே இல்லை. சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை ரோட்டு முக்கிலுள்ள டீக்கடையில் அவனும் மேஸ்திரியும் பேசியிருக்கிறார்கள். பைக்கை நிறுத்தி அண்ணனும் சேர்ந்திருக்கிறார்; அவருக்கு மலையாளம் தாய்மொழி மாதிரி, தெரியாதென்று யார் சொன்னார்கள்? முதலில் மூன்று கதைகளை ஒப்பிட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் யாரோ கூலியைக் கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் சண்டையில்லை, கோஷமில்லை. யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. மணல் குவியலுக்குப் பக்கத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரிதான் பேசினார்.

"சாரே, ஒரு காரியம் சோதிக்கட்டே? ஒரே பணிக்கு மூந்நு கூலி எங்ஙனெ வந்நு?"

அவருக்குக் கோபம் இல்லை. அது எனக்கு வசதியாக இல்லை. நான் அண்ணன் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் தமிழில் தொடங்கினேன். 'அண்ணா, இவங்க கேட்கிறது உங்களுக்காக இல்ல. கூலி ஒண்ணாச்சுண்ணா உங்களை வெளிய தள்ளிட்டு அவங்க ஆளைப் போடுவாங்க.' அது முழுப் பொய்யும் இல்லை. மலிவான ஆள் பக்கத்திலிருந்தால் தன் வேலை போகும் என்ற பயம் மேஸ்திரிக்கும் இருந்திருக்கும். அதைப் பயன்படுத்தத்தான் பார்த்தேன். அண்ணன் அப்போதும் தரையைத்தான் பார்த்தார்.

"மலையாளத்திலேயே சொல்லுங்க சார். எல்லாருக்கும் புரியட்டு."

என்னால் சொல்ல முடியவில்லை. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே மொழியில் சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

சென்னைக்கு போன் போட்டு 'யூனியன் தகராறு' என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை. கேரளத்து யூனியன் என்றால் நோக்குகூலி, அதாவது வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்கே கேட்கிற கூலி, என்று நம்மவர்கள் எல்லோருக்கும் தயாராக ஒரு படம் உண்டு. 2018 மே 1 முதல் அதை அந்த அரசே தடை செய்துவிட்டது என்பதெல்லாம் அந்தப் படத்தில் வராது. எங்கள் சைட்டில் யாரும் எப்போதும் நோக்குகூலி கேட்டதில்லை. சாமான் இறக்கும் சுமட்டுக்காரர்கள் பேசிய ரேட்டுக்கு இறக்கிவிட்டுப் போனார்கள். மேஸ்திரி கேட்டது தனக்குக்கூட அல்ல, பக்கத்தில் நின்றவனுக்கு. அதைத் தகராறு என்று எழுதியவன் நான். அந்த அறிக்கை இன்னும் அங்கே ஏதோ கோப்பில் இருக்கும்.

மூன்றாம் நாள் எல்லாக் கையாட்களுக்கும் 900 என்று முடிவானது. பழைய பாக்கியைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஒப்பந்தக்காரர் மூலம் வேறு மாநிலத்திலிருந்து ஆள் எடுத்தால் அதே மாதிரி வேலை செய்கிற மற்றவருக்கு என்ன கூலியோ அதையே கொடுக்க வேண்டும் என்றது 1979ஆம் வருடத்துச் சட்டம். இடம்பெயர்ந்ததற்காக மாதக் கூலியில் பாதியைத் தனிப்படியாகவும் கொடுக்கச் சொன்னது அது. அமலில் இருந்த சட்டம், எனக்குத் தெரிந்த சட்டம். பைக்கில் கால் மணி நேரத்தில் வீடு திரும்புகிற விளவங்கோட்டுக்காரரை அந்தச் சட்டத்துக்குள் வருகிறவராக நினைக்கவே எனக்குச் சிரிப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்த வாக்குமூலம் பாதிதான். கூலி ஒன்றான பிறகு வேலை வேகமாக நடந்தது. டீ எல்லோருக்கும் பத்து மணிக்கே. அண்ணன் முட்டின் அடியில் பலகை வைக்கச் சொன்னால் அந்தப் பையன் பாய்மாருக்கு அங்கேயே வங்காள மொழியில் சொல்லிவிடுவான். பக்ரீத்துக்கு மேஸ்திரி உரிமையாளரிடம் நேரே போய்ப் பேசி லீவு வாங்கிக் கொடுத்தார். உரிமையாளர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். இரண்டாவது வார்ப்பில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். உண்மையில் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் அவர்கள் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தபோது, என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், என்னைப் பற்றித்தான் என்று நினைத்து அந்தப் பையனை ஷெட்டுக்குச் சாமான் எடுக்க அனுப்பினேன்.

மண்டபம் சிங்கத்துக்குத் தயாரானது. உடைத்த தளத்தின் செலவு மழைக் கணக்கில் போனது. இன்சென்டிவ் வந்தது, கொஞ்சம் குறைத்து.

போன வருடம் கத்தாரில் ஒரு வேலைக்கு வீடியோவில் நேர்காணல். எட்டு நாட்டு ஆட்கள் வேலை செய்கிற இடம். பல பண்பாட்டு ஆட்கள் சேர்ந்த குழுவில் வந்த ஒரு மோதலை நீங்கள் தீர்த்துவைத்த அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். கேரள எல்லையில் மூன்று தரப்புத் தொழிலாளர்களுக்கு நடுவே கூலி வித்தியாசத்தால் வேலை நின்றதையும், எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே மொழியில் பேசிச் சமமான கூலிக்கு வழி செய்ததையும் சொன்னேன். யார் உட்கார வைத்தார்கள் என்பதை மட்டும் மாற்றினேன். அடுத்த வாரமே விசாவுக்குக் காகிதம் கேட்டு அனுப்பினார்கள்.